தீட்டும் மாசும்: தண்ணீரில் உலோகம் தேடும் ஒளி

(கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தண்ணீரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். யார் மொள்ளலாம், யார் மொள்ளக்கூடாது, எந்தக் குழாய் யாருக்கு, எந்தத் தொட்டி எந்தத் தெருவுக்கு என்பதெல்லாம் நமக்குப் புதிதல்ல. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணி, கோமியம், பால், தயிர் எல்லாம் கொட்டி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். தண்ணீருக்குள் என்ன கலந்தது என்று ஒருத்தரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு கை பட்டது, அது போதும் என்று முடிவு செய்தார்கள்.

தீட்டுக்கு யாரும் ஆதாரம் கேட்டதில்லை. ஆனால் நம் சனங்கள் போய், "எங்க கிணத்துத் தண்ணி மஞ்சளா வருது, கால் எல்லாம் புண்ணாவுது" என்று சொன்னால் உடனே கேட்கிறார்கள்: ஆதாரம் எங்கே? ரிப்போர்ட் எங்கே? லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்? கேட்பதில் தப்பில்லை. விஷத்துக்கு ஆதாரம் வேண்டியதுதான். அந்த ஆதாரத்தைத் தயாரிக்கிற வழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. தண்ணீரை மொள்ளும் உரிமை ஒன்று. மொண்ட தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கவிதை எழுதுகிறவன், பேங்கில் கிளார்க் வேலை பார்க்கிறவன், இவனுக்கு எதுக்கு வேதியியல் என்று நினைக்காதீங்க. பட்டப்படிப்பில் படித்தது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததும் உண்டு.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். தண்ணீரில் கரைந்த உலோகம் கம்பியாகவோ தூளாகவோ கிடப்பதில்லை. எலக்ட்ரானை இழந்து, மின்சுமை ஏறிய அயனியாகத் திரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, பெரும்பாலும் ருசியும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. கிருமி செத்துப்போகும், காரீயம் சாகாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, என்ன சொல்கிறது? ஒரு லிட்டரில் குரோமியம் 50 மைக்ரோகிராம், காரீயம் 10 மைக்ரோகிராம், பாதரசம் 1 மைக்ரோகிராம், இதைத் தாண்டக்கூடாது. பாதரசக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி நூறு வரிசையாக நிற்கிறது. அந்த நூறு லாரிக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். அதற்கு மேல் போனால் குடிக்க லாயக்கில்லை. இதை எந்தக் கண், எந்த நாக்கு கண்டுபிடிக்கும்?

இதை அளக்கும் கருவிகள் உண்டு. அணு உறிஞ்சல் நிறமாலைமானி என்று ஒன்று. அதைவிட நுட்பமான வேறு கருவிகளும் உண்டு. விலை பல லட்சம், சில வகைகள் கோடியைத் தொடும். குளிர்சாதன அறை வேண்டும், வாயு உருளை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அதனால் தண்ணீர்தான் கருவியைத் தேடிப் போகிறது. பாட்டில் பஸ் ஏறி நகரத்துக்குப் போகும். பாட்டில் போகும் வழி நெடுக ஒவ்வொரு கையிலும் ஒரு அதிகாரம் இருக்கிறது. முடிவு திரும்பி வருமா, எப்போது வரும், யாருக்கு வரும் என்பது சேரிக்காரனுக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் ஒளிரும் உணர்விகள் வருகின்றன. கருவி கிணற்றடிக்கு வர முடியாதா என்ற கேள்விக்கு வேதியியல் சொல்லப் பார்க்கும் பதில்களில் இது ஒன்று.

ஒளிர்தல் என்றால் என்ன? பேங்க் கேஷ் கவுண்டரில் ஊதா விளக்குப் பெட்டி ஒன்று பார்த்திருப்பீங்க. ரூபாய் நோட்டை அதன் கீழே காட்டினால் எண் அச்சிட்ட இடம் ஒளிரும். காகிதத்துக்குள் பதித்த நுண்ணிழைகள் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை ஒரு பொருள் வாங்கி, கொஞ்சம் சக்தியைத் தன்னிடம் இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதை விளக்கி எழுதினார். அவர் கையில் இருந்த பொருள்களில் ஒன்று கொய்னா, மலேரியாவுக்குக் கொடுத்த அந்தக் கசப்பு மருந்து. அதன் கரைசல் புறஊதாவில் நீலமாக ஒளிரும்.

அந்தப் பெட்டி இன்னொன்றும் கற்றுக்கொடுக்கிறது. நல்ல நோட்டின் காகிதம் மொத்தமாக ஒளிராது. கடையில் வாங்கும் சாதாரண வெள்ளைக் காகிதத்தில் வெளுப்பு கூட்டும் ரசாயனம் இருப்பதால் அது பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும். ஆக, எது ஒளிர்ந்தாலும் நல்லது என்றோ கெட்டது என்றோ கிடையாது. எது ஒளிர வேண்டும், எது ஒளிரக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஒளியை வைத்து உலோகத்தைப் பிடிக்கும் யோசனை நேற்று முளைத்ததல்ல. 1867இல் கோப்பல்ஸ்ரோடர் என்பவர், மோரின் என்ற தாவரச் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிர்வதைச் சொன்னார். நூற்றைம்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. 1985இல் ரோஜர் சியனும் கூட்டாளிகளும் ஃப்யூரா-2 என்ற மூலக்கூறை வெளியிட்டார்கள். உயிரோடு இருக்கும் செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை அதை வைத்து நேரடியாகப் பார்க்க முடிந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆராய்ச்சி செய்த ஏ. பிரசன்ன டி சில்வா, இப்படிப்பட்ட மூலக்கூறுகளை எந்த விதிப்படி கட்டலாம் என்று தெளிவாக வகுத்துக் காட்டினார். அவர் பங்களிப்பில் உருவான சோடியம், பொட்டாசியம் உணர்விகள் ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்குள் போயிருக்கின்றன. ஆகவே இது வெறும் காகிதக் கனவு இல்லை.

அந்த மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது? மூன்று பாகம். ஒரு பக்கம் விளக்கு, அதாவது ஒளிரும் பகுதி. மறுபக்கம் கை, அதாவது உலோக அயனியைப் பிடிக்கும் பகுதி. நடுவில் இரண்டையும் இணைக்கும் சின்னக் கயிறு. கைப் பகுதியில் பெரும்பாலும் நைட்ரஜன் அணு இருக்கும்; அதனிடம் பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா இருக்கும். புறஊதா பட்டு விளக்கு எரியப் போகும் நேரத்தில், அந்த ஜோடியிலிருந்து ஒரு எலக்ட்ரான் தாவி வந்து விளக்கை அணைத்துவிடும். உலோகம் இல்லாதவரை இருட்டுதான். உலோக அயனி வந்து கையில் உட்கார்ந்தால், அந்த எலக்ட்ரான் ஜோடியை அது தன்பக்கம் இழுத்துக் கட்டிப் போடுகிறது. தாவ ஆள் இல்லை. விளக்கு எரிகிறது. எரிந்தால், உள்ளே உலோகம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு வகை உண்டு. ரோடமின்-பி என்ற சாயம் உங்களுக்குத் தெரியும். பஞ்சு மிட்டாய்க்கு ரோஸ் நிறம் ஏற்றினார்களே, அதற்காக 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததே, அதே சாயம். இதன் உடம்புக்குள் ஒரு வளையத்தை மூடிவிட்டால் நிறமும் போகும், ஒளியும் போகும். தாமிர அயனி வந்தால் வளையம் திறந்து நிறமும் ஒளியும் திரும்பும். 1997இல் சார்னிக்கின் குழு இதைச் செய்து காட்டியது. பிறகு பாதரசத்துக்கும் மற்ற உலோகங்களுக்கும் இதே வழியில் பலர் செய்தார்கள். விலை மலிவு, கண்ணாலேயே பார்க்கலாம், சின்ன விளக்கு போதும்.

கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசையை வைத்து இயக்கம் நடத்த முடியாது. இதன் குறைகளையும் நாமே பேசிவிட வேண்டும். நாம் பேசாவிட்டால் எதிர்த் தரப்பு வக்கீல் பேசுவார்.

முதல் குறை, அணைகிற உணர்வி. பாதரசம், தாமிரம், மூன்று சுமை ஏறிய இரும்பு, குரோமியம் இவற்றுக்கெல்லாம் ஒளியை அணைக்கும் குணம் அதிகம். ஆகவே பல ஆய்வுகளில், உலோகம் வந்ததும் ஒளி மங்குவதையே அடையாளமாக வைக்கிறார்கள். செடி, பழச்சாறு போன்றவற்றைச் சூடேற்றிச் செய்யும் கார்பன் புள்ளிகளை நம் கல்லூரிகளிலேயே மாணவர்கள் தயாரிக்கிறார்கள். ஆறு சுமை குரோமியம் சேர்ந்தால் அவை மங்கும். ஏன் மங்குகிறது? பல நேரங்களில் காரணம் ரொம்ப சாதாரணமானது. குரோமேட் மஞ்சள் நிறம். அது புறஊதாவைத் தானே விழுங்கிவிடுகிறது. அப்படியென்றால் புறஊதாவை விழுங்குகிற வேறு எந்த மஞ்சள் தண்ணீரும் அதையே செய்யுமே! இலை ஊறிய தண்ணீரும் செய்யும். விளக்கு அணைய நூறு காரணம் இருக்கும். இருட்டை மட்டும் வைத்து ஒருத்தன்மேல் குற்றம் சாட்ட முடியாது.

இரண்டாவது, ஆள் மாறாட்டம். பாதரசத்துக்கென்று செய்த கை தாமிரத்தையும் பிடிக்கலாம். நம் தெருச் சாக்கடையில் துணி சோப்புத் தூள் கலந்திருக்கும். அதில் உள்ள வெளுப்பு ரசாயனம் உலோகமே இல்லாமல் தானாக ஒளிரும். வெள்ளைக் காகிதம் ஒளிர்ந்தது போல.

மூன்றாவது, அளவு. ஆய்விதழ்களில் வருசா வருசம் ஏராளமான உணர்விகள் வருகின்றன. பலவற்றில் "மைக்ரோமோலார் அளவு வரை கண்டறியும்" என்று எழுதியிருக்கும். பெரிய சாதனை மாதிரித் தெரியும். கணக்குப் போடுங்கள். ஒரு மைக்ரோமோலார் பாதரசம் என்றால் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம். குடிநீர் வரம்பு 1. வரம்பைப்போல இருநூறு மடங்கு விஷம் ஏறிய பிறகு எரிகிற விளக்கு குடிக்கிறவனுக்கு எதற்கு? குரோமியத்துக்குக் கணக்கு வேறு. அதன் வரம்பான 50 மைக்ரோகிராம், ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலார்தான். அங்கே அதே உணர்திறன் கிட்டத்தட்ட வாசல் வரை வந்துவிடுகிறது. ஆக, உலோகத்தைப் பார்த்துத்தான் மெச்ச வேண்டும்.

நான்காவது, பல மூலக்கூறுகள் சுத்தமான தண்ணீரில் கரையவே கரையாது. பாதிக்குப் பாதி கரிமக் கரைப்பான் ஊற்றிச் சோதிப்பார்கள். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர் தண்ணீருக்கு வந்தால் கதை மாறிவிடும். ஆய்வுக் கட்டுரைக்கும் அடிகுழாய்க்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தைக் கடந்தவை குறைவு. இங்கே வேதியியல் படிக்கும் தோழர்கள் யாராவது இருந்தால், இந்தத் தூரம்தான் உங்கள் ஆராய்ச்சிக்கான இடம். இன்னொரு புது மூலக்கூறு செய்து பட்டம் வாங்குவதைவிட, இருக்கிற ஒன்றை நம் தெருக் குழாயில் வேலை செய்ய வைப்பது பெரிய காரியம்.

சரி, கருவி முழுமையாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு நியாயம் கிடைத்துவிடுமா? ஜப்பானின் மினமாட்டாவைப் பாருங்கள். 1956 மே மாதம் அந்த நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. மீன் தின்ற ஏழை மீனவக் குடும்பங்கள் கைகால் இழுத்து, பார்வை போய், பேச்சுப் போய் விழுந்தன. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஊர் அவர்களை ஒதுக்கியது. இந்த ஒதுக்கல் நமக்குத் தெரியாததா? சிஸோ ஆலையின் ஆஸ்பத்திரி மருத்துவர் ஹொசோகவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. ஆலை நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. அரசாங்கம் ஆலைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். ஒன்பது வருசம், தோழர்களே. ஒன்பது வருசம் உண்மை ஒரு அலமாரிக்குள் இருந்தது, பாதரசம் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடிக்கத் தெரியாததால் வந்த தாமதம் அல்ல இது. கண்டுபிடித்தது யார் கையில் இருந்தது என்பதால் வந்த தாமதம்.

இப்போது நம் பாலாற்றுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொட்டிக்குள் காலங்காலமாக இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் யார் என்று இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. குரோம் முறையில் பதனிடப் பயன்படுவது மூன்று சுமை குரோமியம். குரோமேட் ஆலைக் கழிவில் வருவது ஆறு சுமை குரோமியம். அதுதான் பெரிய விஷம், புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவியலாக விட்டுப்போனது. ஆலை மூடிய பிறகும் மழை பெய்யும்போதெல்லாம் அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்ற தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய ஆய்வு: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனவை. கிணறு கிணறாகப் போய் எண்ணியவர்கள் கொடுத்த கணக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது. மக்கள் பக்கம் நின்று எடுத்த கணக்குக்கும் எடை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். தீர்ப்பு வந்ததால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கருவி யார் பக்கம் திரும்பும் என்பதும் முக்கியம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரணை என்று வந்தபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். விஞ்ஞானம் நடுநிலை என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்காக விஞ்ஞானத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் பிடியை நாமும் பிடிக்க வேண்டும் என்கிறேன்.

எப்படிப் பிடிப்பது? நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒளிரும் உணர்வி எதை வைத்துச் சோதித்தாலும் நாலு குழாய் வையுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டாவதில் அதே தண்ணீரோடு தெரிந்த அளவு உலோகம். மூன்றாவதில் நம் கிணற்றுத் தண்ணீர். நான்காவதில் கிணற்றுத் தண்ணீரோடு அதே தெரிந்த அளவு உலோகம். முதல் குழாய் எரியக்கூடாது, இரண்டாவது எரிய வேண்டும். நான்காவது எரியவில்லை என்றால், மூன்றாவது இருட்டாக இருப்பதை வைத்து "விஷம் இல்லை" என்று சொல்லாதீர்கள். தண்ணீரில் வேறு ஏதோ ஒளியை மறைக்கிறது என்றுதான் அர்த்தம். இந்த நாலு குழாய் இல்லாமல் யார் வந்து "சோதிச்சிட்டோம், நல்ல தண்ணி" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். புறஊதா விளக்கை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள்.

உணர்வி காட்டுவது முதல் எச்சரிக்கை; கடைசித் தீர்ப்பு அல்ல. நூறு குழாயில் எந்தப் பத்துக்கு உடனே பெரிய சோதனை வேண்டும் என்று அது பிரித்துக் கொடுக்கும். அந்தப் பத்திலும் மாதிரியை ஒழுங்காக எடுங்கள். அடிகுழாயைச் சில நிமிடம் அடித்து விட்டுப் பிறகு பிடியுங்கள். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில். மொத்த உலோகத்துக்கு என்றால் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆறு சுமை குரோமியத்துக்கு என்றால் அமிலம் சேர்க்காமல், குளிரில் வைத்து, ஒரு நாளைக்குள் சோதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில். ஒன்றுக்கு முத்திரை வைத்து நம்மிடம். தேதி, நேரம், குழாய் இருக்கும் தெரு, எடுத்தவர் கையெழுத்து, இரண்டு சாட்சி கையெழுத்து. கையெழுத்து இல்லாத வவுச்சர் எங்கள் கவுண்டரில் செல்லாது, இதுவும் அப்படித்தான். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படியுங்கள். வாரியமே எடுக்கும் கழிவுநீர் மாதிரிகூட அங்கே சொன்ன முறைப்படி எடுக்கப்படாவிட்டால், அதன் முடிவு சாட்சியாகாது. ஆகவே அதிகாரி பாட்டிலோடு வரும் அன்றைக்கு, அந்த முறை தெரிந்தவராக நம்மில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முடிவு வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.

அறிக்கை வந்தால் அதை ஃபைலுக்குள் வைக்காதீர்கள். எண்ணைப் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே வரம்பையும் எழுதி, அந்தக் குழாயடியில் ஒட்டுங்கள். தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் நின்று படித்துக் காட்ட வேண்டும். இந்த வேலைக்கு வர விரும்பும் வேதியியல் மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் கொஞ்ச நேரம் இருங்கள். முதலில் எந்தத் தெருக் குழாயில் தொடங்குவது என்று பேசி முடிவு செய்துகொண்டு போகலாம்.